தாமாகவே வரிசையில் அமரும் நானோ துகள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானோ துகள்களைக் கண்ணாடி மீதும் சிலிக்கான் மீதும் ஒழுங்காகப் படிய வைப்பதுதான் என் அன்றாட வேலை. கல்லூரிகளுக்குப் பேசப் போனால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நிதானமாக விடை எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. பள்ளி இயற்பியலும் வேதியியலும் நினைவில் இருந்தால் போதும், படித்துவிடலாம்.

தன்னமைவு என்றால் என்ன?

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஏழெட்டு அரிசிப் பொரிகளைத் தள்ளித் தள்ளி மிதக்க விடுங்கள். சிறிது நேரத்தில் அவை மெல்ல நகர்ந்து வந்து கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். விளிம்புக்கு அருகில் இருப்பவை விளிம்பைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பொரியும் தன்னைச் சுற்றி நீர்ப்பரப்பைச் சற்றே வளைத்து வைத்திருக்கிறது. இரண்டு பொரிகள் நெருங்கினால் மொத்த ஆற்றல் குறைகிறது, அதனால் நெருங்குகின்றன. இப்படி யாரும் கையால் தள்ளாமல், தங்களுக்கிடையே உள்ள விசைகளாலேயே பொருட்கள் ஓர் அமைப்புக்கு வருவதைத் தன்னமைவு என்கிறோம்.

நானோ துகளின் எடை மிக மிகக் குறைவு. பொரியைப் போல மிதந்தபடி நீரை வளைக்க அதனால் முடியாது. ஆனால் நீர்ப்படலம் வற்றி, துகளின் விட்டத்தைவிட மெல்லியதாகும்போது நிலைமை மாறுகிறது. துகளின் தலை நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி நீர் பிறைத்தளமாக ஏறும். அப்போது எழும் நுண்புழை விசை பக்கத்துத் துகளை வலுவாக இழுக்கும். கரைசலை உலர்த்திச் செய்யும் முறைகளில் துகள்கள் வரிசை கட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

தானாக அமையும் என்றால் நாம் செய்ய என்ன இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது. 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் கலந்த நீர் அழகான ஒயின் சிவப்பில் இருக்கும். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். கண்ணெதிரே சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகி, கடைசியில் கறுத்த வண்டல் அடியில் படியும். துகள்களின் மேலிருந்த மின்னூட்டம் அவற்றை விலக்கி வைத்திருந்தது. உப்பு அதை மறைத்தது. முதல் மோதலிலேயே ஒட்டிக்கொண்டன. இதுவும் தானாக நடந்ததுதான். ஆனால் இது பால் திரிவதைப் போன்றது, இதில் ஒழுங்கு கிடையாது.

ஒழுங்கு வேண்டுமானால், தவறான இடத்தில் ஒட்டிய துகள் விடுபட்டு வேறிடம் தேட வாய்ப்பு இருக்க வேண்டும். துகள்களுக்கிடையிலான ஈர்ப்பு, அறை வெப்பத்தின் அலைக்கழிப்பைவிடக் கொஞ்சமே மிகுதியாக இருக்க வேண்டும். குறைந்தால் சேராது, கூடினால் திரிந்துவிடும். அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதில்தான் எங்கள் மாதங்கள் கழிகின்றன.

இன்னொன்றும் உண்டு. இத்தனை காலத்தில் இந்தத் துறை எனக்குக் கற்பித்த பாடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்: ஒழுங்கை இயற்கை கொடுத்துவிடும், இடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். துகள்கள் அடுத்தடுத்து அழகாக அடுக்கில் அமையும். ஆனால் அந்த அடுக்கு எங்கே தொடங்க வேண்டும், எந்தத் திசையில் ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது துகளுக்குத் தெரியாது. கீழே வரும் முறைகள் எல்லாமே அதைத் துகளுக்குத் தெரியப்படுத்தும் வழிகள்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் என்ன?

வைக்கலாம், கருவிகள் இருக்கின்றன. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் துகள்களை (இவற்றை மணிகள் என்போம்) நெருக்கமாக அடுக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய 46 கோடி மணிகள் பிடிக்கும். நொடிக்கு ஒன்று என்று ஓயாமல் வைத்தாலும் 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தன்னமைவில் அதே வேலை சில நிமிடங்களில் முடிகிறது, ஏனென்றால் 46 கோடி மணிகளும் ஒரே சமயத்தில் தங்கள் இடத்தைத் தேடுகின்றன.

இது புதிதாக வந்த துறையா?

பெயர் புதிது, செயல் பழையது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனை ஒட்டிய கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டபோது அது அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி அலைகளை அடக்கியது என்று 1774இல் எழுதினார். அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் 50 சென்ட். தேக்கரண்டி எண்ணெயின் கன அளவை அந்தப் பரப்பால் வகுத்தால் சுமார் ஒன்று, இரண்டு நானோமீட்டர் கனம் வருகிறது. ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு. அவர் அந்த வகுத்தலைச் செய்யவில்லை.

இந்த வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஆக்னஸ் பொக்கெல்ஸ். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. தகரத் தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, அதன் மேல் ஒரு தடுப்புப் பட்டையை நகர்த்தி, அழுக்குப் படலம் நெருக்கப்படும்போது பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1891இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலி அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி வெளிவரச் செய்தார். இன்று எங்கள் ஆய்வகங்களில் இருக்கும் விலையுயர்ந்த தொட்டியின் அடிப்படை அவருடைய தொட்டிதான். பின்னர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூரும் கேதரின் பிளாட்ஜெட்டும் அந்த ஒற்றை அடுக்கைக் கண்ணாடியின் மேல் ஏற்றக் கற்றார்கள். 1938இல் பிளாட்ஜெட் 44 அடுக்குகளை ஏற்றி, ஒளியை எதிரொளிக்காத கண்ணாடியைச் செய்து காட்டினார்.

ஒரு சொட்டுக் கரைசலை விட்டு உலர்த்தினால் போதாதா?

எல்லோரும் முதலில் செய்வது இதுதான், எல்லோருக்கும் கிடைப்பது ஒரு வளையம். காப்பி டம்ளரை வைத்த இடத்தில் சிந்திய சொட்டு காய்ந்த பிறகு உற்றுப் பாருங்கள். நடுவில் வெளுத்து, விளிம்பில் மட்டும் கறுத்த கோடு இருக்கும்.

காரணத்தை 1997இல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று தெளிவாக விளக்கியது. சொட்டின் விளிம்பு தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் மாட்டிக்கொள்வதால் சுருங்கிப் பின்வாங்க முடியவில்லை. விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, போகும்போது துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. காப்பியில் மட்டுமல்ல, பெயின்டிலும் மையிலும் ரத்தச் சொட்டிலும் இதே கதைதான்.

இதை எப்படித் தடுப்பது என்பதற்குப் பல விடைகள் உண்டு. இரண்டு வெவ்வேறு வேகத்தில் ஆவியாகும் திரவங்களைக் கலந்தால் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் உண்டாகித் துகள்களைத் திரும்பக் கொண்டுவரும். எனக்குப் பிடித்த விடை 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அவர்கள் திரவத்தில் கை வைக்கவில்லை. உருண்டைத் துகள்களை இழுத்து நீள்வட்டமாக்கினார்கள். நீள்வட்டத் துகள் சொட்டின் மேற்பரப்புக்கு வந்ததும் அதைச் சுற்றி நீர்ப்பரப்பை ஏறுக்குமாறாக வளைக்கிறது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தொலைவிலிருந்தே பற்றிக்கொண்டு, மேற்பரப்பிலேயே தளர்வான வலை போலப் பின்னிக்கொள்கின்றன. விளிம்புக்குப் போகும் ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதனால் அவற்றை நகர்த்த முடிவதில்லை. உலர்ந்த பிறகு கறை ஒரே சீராக இருக்கிறது.

சொட்டை விட்டு உலர்த்தும்போது தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஒரு வாரம் முழுக்க என் மாதிரிகள் ஒரு பக்கமாகவே கனத்துப் படிந்தன. கரைசலை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் அறைக் குளிரூட்டியின் காற்று ஒரு பக்கத்திலிருந்து மேசையைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு பெட்ரி தட்டைக் கவிழ்த்து மூடியதும் தீர்ந்தது.

நல்ல ஒற்றை அடுக்கு எப்படிச் செய்வது?

மணி அடுக்கைச் சொல்கிறேன். இந்த முறையை 1980களின் தொடக்கத்திலேயே செய்து பார்த்தார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் டைன் குழுவினர் 1990களில் இதை நன்கு வளர்த்தெடுத்து, நானோகோள லித்தோகிராஃபி (நானோ உருண்டைகளை அச்சாக வைத்து வடிவம் பதித்தல்) என்ற பெயரையும் நிலைநிறுத்தினார்கள்.

பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மணிகள் நீரில் கலந்து பால் போல வரும். அதனுடன் ஏறக்குறைய சம அளவு எத்தனாலைச் சேர்க்க வேண்டும். ஒரு தட்டில் தூய நீர். அதற்குள் சாய்வாக ஒரு கண்ணாடிச் சில்லு. அந்தச் சில்லின் மேல் கலவையை மிக மெதுவாக வழிய விட்டால், நீரைத் தொட்ட கணத்தில் எத்தனால் பரவி மணிகளையும் நீர்ப்பரப்பின் மேல் விரித்துக்கொண்டு ஓடும். அவசரப்பட்டால் மணிகள் அடியில் மூழ்கிவிடும். பிறகு ஓரத்தில் சோப்பு மூலக்கூறுக் (சோடியம் டோடெசைல் சல்பேட் போன்றது) கரைசல் ஒரே ஒரு சொட்டு. மிதக்கும் மணிகள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நெருங்கும்.

அந்த நொடியை முதன்முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெண்மையான புகைப் படலம் போலத் தெரிந்தது, நெருங்க நெருங்க நிறம் கொள்கிறது. சாய்வாகப் பார்த்தால் பச்சை, தலையைத் தாழ்த்தினால் நீலம், மயில் கழுத்து போல. மணிகளில் சாயம் எதுவும் இல்லை. அவற்றுக்கிடையிலான சீரான இடைவெளி ஒளியைப் பிரிக்கிறது. நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்தத் திட்டுகளில் அடுக்கு வெவ்வேறு திசையில் ஓடுகிறது என்று பொருள். இனி, முன்பே நீருக்கடியில் வைத்திருக்கும் கண்ணாடித் தகட்டைச் சாய்வாகத் தூக்கினால் அடுக்கு அதன் மேல் வந்து அமரும்.

உலர்ந்த அடுக்கின் மேல் வெற்றிடத்தில் வெள்ளியையோ தங்கத்தையோ ஆவியாக்கிப் படிய வைத்து, மணிகளைக் கரைத்து எடுத்துவிட்டால், மணிகளின் இடுக்குகளில் விழுந்த உலோகம் மட்டும் முக்கோணங்களாக மிஞ்சும். 500 நானோமீட்டர் மணி என்றால் முக்கோணத்தின் உயரம் சுமார் 117 நானோமீட்டர். மணியின் விட்டத்தை மாற்றினால் எல்லா அளவும் விகிதப்படி மாறும். இந்த வெள்ளி முக்கோணங்கள் தம்மேல் ஒரு புரதம் ஒட்டினாலும் நிறம் பெயரும் என்பதால் உணரிகளாகப் பயன்படுகின்றன.

அடுக்கு ஏன் எப்போதும் அறுகோணமாகவே வருகிறது?

நேர்ப்புள்ளிக் கோலத்தையும் ஊடுபுள்ளிக் கோலத்தையும் போட்டவர்களுக்கு இது எளிது. நேர்ப்புள்ளியில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நான்கு புள்ளிகள், ஊடுபுள்ளியில் ஆறு. ஒரே அளவு வட்டங்களை நேர்ப்புள்ளியில் அடுக்கினால் பரப்பில் 78.5 சதவீதம் நிரம்பும், ஊடுபுள்ளியில் 90.7 சதவீதம். நெருக்கும் விசைக்கு ஊடுபுள்ளிதான் பிடிக்கும். சதுர அடுக்கு வேண்டுமானால் பரப்பில் சதுரப் பள்ளங்களைச் செதுக்கிக் கட்டாயப்படுத்த வேண்டும்.

நான் சொல்லும் இடத்தில் துகள் போய் உட்கார வேண்டும். முடியுமா?

முடியும், பரப்புக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று வேதியியல். கந்தகத் தலையும் கார்பன் வாலும் உள்ள தயால் மூலக்கூறுகள் தங்கத்தைக் கண்டதும் தலையால் ஒட்டி, வால்களை வெளியே நீட்டி, புல்வெளி போலச் சாய்ந்து நிற்கும். 1983இல் பெல் ஆய்வகத்தின் நுஸ்ஸோவும் அல்லாராவும் தொடங்கி வைத்த வழி இது. வால் நுனியில் எந்தத் தொகுதி இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பரப்பு தாமரை இலையாகவும் ஆகும், தண்ணீரை விரும்புவதாகவும் ஆகும். 1993இல் ஹார்வர்டின் ஒயிட்சைட்ஸ் குழு சிலிக்கோன் ரப்பர் முத்திரையில் தயாலை மையாகத் தடவி, தபால் நிலைய முத்திரை போலத் தங்கத்தின் மேல் குத்திக் காட்டியது. முத்திரை பட்ட இடம் ஒரு குணம், படாத இடம் வேறு குணம். துகள்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் மட்டும் ஒட்டும்.

மற்றது வடிவம். துகள் ஒன்று மட்டும் பிடிக்கும் அளவுக்குப் பள்ளங்களைச் செய்து, அதன் மேல் கரைசலின் விளிம்பை மெல்ல இழுத்துச் சென்றால், பிறைத்தளம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு துகளை அழுத்தி வைத்துவிட்டுப் போகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜூரிக் ஆய்வகத்தினர் 2007இல் இப்படி 60 நானோமீட்டர் தங்கத் துகள்கள் சுமார் 20,000 கொண்டு 17ஆம் நூற்றாண்டுச் சூரியப் படம் ஒன்றை அச்சிட்டார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு துகள்.

பாலிமரை வைத்துச் செய்வது வேறு முறையா?

அடிப்படை ஒன்றுதான். ஒன்றோடொன்று கலக்க விரும்பாத இரண்டு பாலிமர்ச் சங்கிலிகளை நுனியோடு நுனி பிணைத்துவிட்டால் பிரியவும் முடியாது, கலக்கவும் முடியாது. எண்ணெயும் நீரும் போல விலகப் பார்க்கும். ஆனால் சங்கிலியின் நீளம் வரைதான் விலக முடியும். விளைவு, சில பத்து நானோமீட்டர் அகலத்தில் மாறி மாறி வரும் வரிகள். இரண்டும் சம அளவு என்றால் வரிகள். ஒன்று 30 சதவீதம் என்றால் மற்றதற்குள் உருளைகள். பாலிஸ்டைரீனும் பி.எம்.எம்.ஏ.வும் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) சேர்ந்த இணைதான் அதிகம் ஆராயப்பட்டது. மெல்லிய படலமாகப் பூசி, 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சங்கிலிகளுக்கு நகர அவகாசம் கொடுத்தால் வரிகள் எழும். பி.எம்.எம்.ஏ.வை மட்டும் நீக்கிவிட்டால் மீதி ஒரு வார்ப்பு.

வழிகாட்டாமல் விட்டால் அந்த வரிகள் கைரேகை போல வளைந்து சுழலும். அழகுதான், மின்சுற்றுக்கு உதவாது. நேராக்க, அடியில் வேதியியல் தடங்கள் போட வேண்டும். நான்கு வரிக்கு ஒரு தடம் போட்டாலும் போதும், இடையிலுள்ளவற்றைப் பாலிமர் தானே நிரப்பிக்கொள்ளும். 2008இல் பால் நீலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைப் புள்ளி வரிசைகளில் காட்டினார்கள்: நான்கில் ஒரு பங்கு புள்ளிகளையே வைத்தார்கள், மீதி முக்கால் பங்கும் தாமே வந்தன, அதுவும் வைத்த புள்ளிகளைவிடச் சீரான அளவில். முதன்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது நெடுநேரம் மூடாமல் வைத்திருந்தேன்.

டி.என்.ஏ.வுக்கு இதில் என்ன வேலை?

துகளுக்கு முகவரி எழுதித் தரும் வேலை. 2006இல் கால்டெக்கின் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பால் ராத்மண்ட், ஒரு வைரஸின் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துள்ள ஒற்றை இழை டி.என்.ஏ.வை, இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் ஆங்காங்கே தைத்து, 100 நானோமீட்டர் அகலச் சிரித்த முகமாக மடித்தார். எல்லாவற்றையும் உப்புநீரில் கலந்து, சூடாக்கி ஆறவிட்டதுதான் செய்முறை. ஒரு சொட்டில் கோடிக்கணக்கில் முகங்கள். குட்டி இழை ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தெரியுமாதலால், வேண்டிய இழையில் தங்கத் துகளைத் தொங்கவிட்டால் சில நானோமீட்டர் துல்லியத்தில் அது அங்கே போய் நிற்கும். ஆனால் அந்த முகங்கள் பரப்பில் கண்டபடி விழுந்துவிடும். 2009இல் ஐ.பி.எம்.மும் கால்டெக்கும் சேர்ந்து, முக்கோண டி.என்.ஏ. மடிப்புகள் அதே அளவு முக்கோணத் தடங்களில் போய்ப் படியுமாறு செய்தன. ஒழுங்கு ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம் என்று மேலே சொன்னேனே, இரண்டும் கைகோத்தது இங்கேதான்.

அப்படியானால் நம் கைப்பேசி சிப்புகள் ஏன் இன்னும் ஒளியால் வரையப்படுகின்றன?

குறைபாடுகளால். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தட்டில் கடுகை ஒரே அடுக்காகப் பரப்பி மெல்லக் குலுக்குங்கள். சிறு சிறு பகுதிகளில் அழகாக அறுகோணம் தெரியும். பகுதிகள் சந்திக்கும் இடத்தில் வரிசை உடையும். பெரிய கடுகு ஒன்று நடுவில் மாட்டினால் அதைச் சுற்றி ஒழுங்கு கெடும். நானோ துகளிலும் இப்படியே. விட்டங்கள் ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் நீண்ட ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். துகள் விடுபட்ட காலி இடம், வரிசை முறியும் கோடு, உலரும்போது படலம் சுருங்கி வரும் வெடிப்பு என்று குறைகள் பல வகை. வெறுங்கண்ணுக்கு மயில் கழுத்தாகத் தெரிந்த மாதிரியை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, வெடித்த ஏரி வண்டலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாலைகள் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

சிப் தயாரிப்பாளர்கள் வழிகாட்டிய பாலிமர் முறைக்கு வைத்த இலக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 0.01 குறை. 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டு முழுவதற்கும் ஏழே ஏழு. வெப்ப அலைக்கழிப்பை நம்பி நடக்கும் ஒரு செயலிடம் இதைக் கேட்பது மிகக் கடுமையான தேர்வு. ஒளியின் இடத்தைத் தன்னமைவு பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒளி வரைந்த கரடுமுரடான கோட்டைச் செப்பனிடும் துணையாக வருவது நடக்கக்கூடியது, அதில்தான் இப்போது முயற்சி மிகுதி.

உணரி, சூரிய மின்தகடு, எதிரொளிப்புத் தடுப்பு போன்றவற்றில் பத்துத் துகள் தவறினாலும் பாதகமில்லை. தன்னமைவின் சொந்த வயல் அதுதான்.

குறையையே பயன்படுத்திக்கொள்ள முடியாதா?

பெங்களூரில் விஞ்ஞானி ஜி.யு. குல்கர்ணியின் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். ஒரு பூச்சு உலர்ந்து தானாக வெடிக்கும்போது வரும் விரிசல்கள் ஒன்றோடொன்று இணைந்த வலையாக இருக்கும். அந்த விரிசல்களுக்குள் உலோகத்தைப் படிய வைத்துப் பூச்சை நீக்கினால், கண்ணாடியின் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத உலோக வலை கிடைக்கும். வெளிச்சமும் போகும், மின்சாரமும் பாயும். தொடுதிரைக்கும் சூடேற்றும் கண்ணாடிக்கும் இது போதும். நாங்கள் பயந்து ஓடிய வெடிப்பை ஒருவர் அச்சாக்கிவிட்டார் என்று கேட்டபோது மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

எங்கள் கல்லூரியில் பெரிய கருவி இல்லை. செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரு மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிக் கரைசல், எத்தனால், கண்ணாடிச் சில்லுகள், சோப்பு மூலக்கூறுத் தூள், தூய நீர் போதும். கண்ணாடியின் சுத்தம்தான் பாதி வெற்றி; நீர் முத்தாக நிற்காமல் படலமாக விரிய வேண்டும். இதற்காகக் கந்தக அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலக்கும் முறையை இளநிலை மாணவர்கள் தொட வேண்டாம். கரிமப் பொருள் பட்டால் வெடிக்கக் கூடியது. சோப்பு நீரில் நன்கு தேய்த்து, எத்தனாலில் அலசி, கிடைத்தால் புற ஊதா விளக்கின் கீழ் வைப்பது போதுமானது.

மின்னணு நுண்ணோக்கி இல்லாமல் அடுக்கு எப்படி இருக்கிறது என்று அறியப் பச்சை லேசர் சுட்டி ஒன்று போதும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டு அறையில் அடுக்கின் ஊடாகச் செங்குத்தாக லேசரைச் செலுத்தி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஒரு மைக்ரோமீட்டர் மணி என்றால், நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 38 டிகிரி விலகி ஒளி விழும். 500 நானோமீட்டர் மணியில் ஒன்றும் தெரியாது, பச்சை ஒளிக்கு அந்த இடைவெளி போதாது. ஆகவே மணி வாங்கும்போதே அளவைக் கவனியுங்கள். தாளில் மங்கலான முழு வளையம் தெரிந்தால், லேசர் படும் இடத்தில் பல திசைகளில் அடுக்கு ஓடும் சிறு திட்டுகள் இருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் முதலில் வளையம்தான் வரும். சில்லை ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள், இன்னொரு மயிரிழை. ஏதோ ஓரிடத்தில் வளையம் ஆறு துண்டுகளாக உடைந்து, துண்டுகள் சுருங்கி, ஆறு பச்சைப் புள்ளிகளாக நிற்கும். அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள்.